நான் அடைத்த எட்டு ஓட்டைகள்

சரவணா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. நீ பத்தடி தள்ளித்தான் நிற்கிறாய். படகு யார்டின் அந்தப் பக்கம், கவிழ்த்து வைத்த போட்டுக்குப் பின்னால் குனிந்து ஃபைபர் மேட் வெட்டிக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம் வெட்டுகிறாய், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைச் சொறிகிறாய், மறுபடி வெட்டுகிறாய். இந்தக் கண்ணாடி இழை உன் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாலு வருஷமாக எனக்குத் தெரியும். எனக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் அரித்தது, போகப் போகச் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அது பொய். எனக்கு ஒரு நாள்கூட அரித்ததில்லை. என் தோல் எருமைத் தோல், அது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே விளங்கிவிடும்.

நேரில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நேரில் சொன்னால் என்ன ஆகும்? முதல் வாக்கியத்தில் என் தப்பைச் சொல்லுவேன். இரண்டாவது வாக்கியத்தில் உன்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். மூன்றாவதில் நீ எழுந்து போய்விடுவாய், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவேன். நீ பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நம் வீட்டில் இதுதான் நடக்கிறது. கடல் உள்ளே வருகிறது, கல் கொட்டுங்கள், ரோட்டில் கரித்தூள் பறக்கிறது, தண்ணீர் தெளியுங்கள் என்று நம் குப்பத்துக்காக வருஷக்கணக்கில் மனு எழுதிய கை இது. முகம் தெரியாத எத்தனையோ அதிகாரிகளுக்குப் பணிவுடன் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு உண்மையாக நாலு வரி எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது. சீ, என்ன பிழைப்பு. இதை நான் மடித்து ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீ கட்டிக்கொள்ளப் போகிற ரேவதி படிக்கட்டும், அவள் மாமன் கட்டாயம் படிக்கட்டும்.

விஷயத்தை இழுக்காமல் சொல்லிவிடுகிறேன். லாரன்ஸ் சாரின் பழைய காருக்கு நாம் சக்கரத்தின் மேல் ஃபைபர் ஃபிளேர் வைத்தபோது, தண்ணீர் இறங்குவதற்கு நாலு சக்கரத்துக்கும் இரண்டிரண்டாக எட்டு ஓட்டைகள் விட வேண்டும் என்றாய் அல்லவா? அதை நீ மறக்கவில்லை. எட்டும் நீ போட்டாய். ஒழுங்காகத்தான் போட்டாய். நான் அடைத்தேன். அந்தக் கார் இற்றுப்போனது என்னால். சலீம் பாய் கார் ஷெட்டை விட்டு நீ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் என்னால். உன் கையில் ஒரு குறையும் இல்லை. இதை நான் நாலு வருஷம் வாய்க்குள் வைத்திருந்தேன்.

இனியும் வைத்திருந்திருப்பேன். போன மாதம் உன் நிச்சயதார்த்தத்தில் அந்த மாமன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்னோடு சுடுகாடு வரைக்கும் வந்திருக்கும். புது வண்ணாரப்பேட்டையில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்திக்கு உட்கார்ந்திருந்தோம். அவர் உன் முதுகில் தட்டி, "இன்னா மாப்ள, கார் வேலைல கில்லாடின்னு கேள்விப்பட்டேன். அத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு போட்டு ஒட்டிகினு கீற?" என்றார். நீ சிரித்தாய். "நம்ம கை அதுக்கு லாயக்கில்ல மாமா. கவனம் பத்தாது. ஒரு பெரிய மன்ஷன் வண்டிய நாறடிச்சிட்டேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் உன் கையைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேசரி தின்றுகொண்டிருந்தேன். பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி வாங்கித் தின்றேன். முந்திரி நிறைய போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வேறு சொன்னேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். "மாமா, அவரு கை நெஜமாவே அப்டியா?" என்று கேட்டாள். கேலி இல்லை, குற்றம் இல்லை. வாழப்போகிறவள் தெரிந்துகொள்ளக் கேட்டாள். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கடவுளே கொடுக்க மாட்டார். நான், "வேல கத்துக்கிற வயசுல அப்டி இப்டி ஆவுறதுதாம்மா" என்றேன். பெரிய மனது பண்ணி உன்னை மன்னித்துவிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திருவொற்றியூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கேசரியில் நெய் அதிகம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நெய்யாவது, மண்ணாவது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், உன் ஞாபகத்தோடு ஒத்துப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் லாரன்ஸ் சார் அந்தக் காரைப் பாய் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்து ரிடையர் ஆன மனிதர். அவர் அப்பா காலத்து ரெண்டு சீட்டர், சீமையிலிருந்து கப்பலில் வந்தது, சோழவரத்தில் ரேஸ் ஓடியது என்று நீ வீட்டுக்கு வந்து மூச்சு விடாமல் சொன்னாய். நானும் வந்து பார்த்தேன். கருநீலத்தில், தரையோடு தரையாக, முகம் முதல் வால் வரைக்கும் ஒரே ஓட்டமாக அழகாகத்தான் இருந்தது. அந்த மனிதர் ஆசைப்பட்டு அகல டயர் மாட்டிவிட்டார். டயர் வெளியே துருத்துகிறது. அதை மூடுவதற்கு நாலு மட்காட்டின் மேலும் ஃபைபரில் புடைப்பு வைத்து ஒட்ட வேண்டும். அதற்குத்தான் நீங்கள் ஃபிளேர் என்று பேர் சொன்னீர்கள். லட்சணமான பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி இருக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் மற்ற எதிலும் நான் செய்தது நியாயம் இல்லை, அந்த ஃபிளேர் அசிங்கம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாய்க்கு இரும்பு தெரியும், ஃபைபர் தெரியாது. "எங்க நைனா ஃபைபர்ல புலி பாய்" என்று நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். நாலு ஃபிளேரையும் நான் வார்த்தேன். மற்றதெல்லாம் உன் வேலை. நூல் பிடித்து, டேப் ஒட்டி, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒரு நூலிழை பிசகாமல் கோடு போட்டாய். டயர் இடிக்காமல் இருக்க மட்காட்டின் பழைய விளிம்பை வெட்டி எடுத்தாய். நல்ல இரும்பை வெட்டுகிறானே பாவி என்று நான் முனகினேன், உன் கை தயங்கவில்லை. வெட்டிய இடத்தில் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் சேர்த்துப் பாய் வெல்டு வைத்தார், நீ தேய்த்து, துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்தாய். ஃபிளேரைத் தற்காலிகமாக ஸ்குரூ போட்டு நிறுத்தி, எட்ட நின்று பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி நிறுத்தி, அப்புறம்தான் ரிவிட் அடித்தாய். நான் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னேனா? டிரில்லரை இப்படிப் பிடிக்காதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசி நாள், விளிம்பை ஒட்டுகிற வேலை. நான் ரெசின் பசை கலக்க உட்கார்ந்தபோது நீ எல்லார் முன்னாலும் சொன்னாய். "தோ பாரு நைனா, மேல்பக்கம் மட்டும் ஒட்டு. கீழ நான் போட்ட ஓட்டைங்கள அப்டியே வுட்டுடு. தண்ணி எறங்கணும்."

"தண்ணியப் பத்தி நீ எனுக்கு கிளாஸ் எடுக்கிறியா? எத்தினி போட்டு ஒட்டியிருக்கேன், ஒரு சொட்டு உள்ள வந்துகீதா?"

"போட்டு வேற, வண்டி வேற நைனா. வண்டில டயரு கீழேர்ந்து தண்ணிய வாரி அடிக்கும். நீ எப்டி அடைச்சாலும் எங்கியாவது உள்ள பூரும். பூந்தது போறதுக்கு வயி வோணுமில்ல?"

சலீம் பாய் சிரித்துவிட்டார். "புள்ள சொல்றது கரீட்டு அண்ணாத்த. நீ போட்டோட நிறுத்திக்கோ" என்றார். பெயிண்டர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை. நீ சொன்னது சரி, அவர் ஆமாம் என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போய்விட்டார். நீயும் பெயிண்டர்களும் சாப்பிடப் போனீர்கள். நான் பசி இல்லை என்றேன். வண்டி ஸ்டாண்டின் மேல் நின்றது. அடியில் படுத்துப் பார்த்தேன், எட்டு ஓட்டைகள், சுண்டு விரல் நுழைகிற அளவு. பிறந்ததிலிருந்து ஓட்டை என்றால் அடைக்க வேண்டும் என்று மட்டும் கற்ற ஜென்மம் நான். கடலில் ஓட்டை என்றால் ஆள் போய்விடும். மேட்டைக் கிழித்து ரெசினில் ஊறவைத்து, சீக்கிரம் இறுகட்டும் என்று கேட்டலிஸ்டை இரண்டு சொட்டு கூடவே விட்டு, ஒவ்வொன்றிலும் திணித்தேன். சித்திரை வெயிலுக்குப் பத்து நிமிஷத்தில் கல்லாகிவிட்டது. தேய்த்து வழவழப்பாக்கி, விளிம்பு முழுக்க ஒரு சுற்று மேட் ஒட்டி, மேலே கறுப்புக் கோட்டிங் அடித்தேன். நீ வந்து, "ஒட்டிட்டியா நைனா?" என்றாய். "ஆச்சு" என்றேன். சாயங்காலமே வண்டியைக் கீழே இறக்கிவிட்டீர்கள். இறக்கிய வண்டியின் அடியில் குனிந்து யார் பார்க்கப் போகிறார்கள்.

தெரியாமல் செய்துவிட்டார் நைனா என்று நீ இந்த இடத்தில் இரக்கப்படுவாய். உன் புத்தி எனக்குத் தெரியும். படாதே. எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் உன் அம்மாவின் ஐஸ் பெட்டிக்கு என்ன ஆனது என்று அவளைக் கேள். மார்க்கெட்டில் அவள் மீன் வைக்கிற பெட்டியின் மூலையில் ஐஸ் உருகிய தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும். அவள் புடவை நனைகிறதே என்று நான் அதை அழகாக ரெசின் வைத்து அடைத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் அவ்வளவு வஞ்சிரமும் அந்தத் தண்ணீரில் ஊறிச் சொதசொதவென்று நாறிப்போனது. பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் கவிழ்த்தாள். "ஐஸ் தண்ணி எறங்கணும்னு ஒனக்கு யாரு சொல்லித் தரணும்? கேட்டியா என்னிய? ஒரு வார்த்த கேட்டியா?" என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினாள். அந்த நாற்றம் இரண்டு நாள் வாசலில் நின்றது. அப்படிப் பட்டுத் தெரிந்தவன்தான் நான், அடுத்த வருஷமே உன் காரிலும் அதையே செய்தேன். அறியாமை என்று எழுத எனக்கு வாய்ப்பே இல்லை.

இரண்டு மழை போனது. தை மாதம் வண்டி திரும்பி வந்தது. மட்காட்டின் மேல் பெயிண்ட் முழுக்கக் கொப்புளம். பாய் ஸ்குரூடிரைவரால் மெல்லத்தான் அழுத்தினார், இரும்பு அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. உள்ளேயிருந்து கறுப்பாக, சாக்கடை மாதிரி தண்ணீர் ஊற்றியது. எத்தனை மாதம் உள்ளே கிடந்த தண்ணீரோ. துருவும் சேறும் எண்ணெய்யும் சேர்ந்து, எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வீச்சம். லாரன்ஸ் சார் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். ஃபைபர் வேலை என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாய் ஃபிளேரை வெட்டி எடுத்து என் மடியில் வைத்துக் கறுப்பைச் சுரண்டச் சொன்னார்.

"ஓட்ட போட்டியாடா?" என்று உன்னைக் கேட்டார்.

"போட்டேன் பாய்."

"எங்க கீது? காட்டு."

"போட்டேன் பாய். எட்டு போட்டேன்."

"நான் குருடனா? எங்கடா கீது?"

மூன்றாவது தடவை நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் தரையைப் பார்த்தாய். "போட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன் பாய்" என்றாய். அந்த நேரம் ஃபிளேர் என் கையில் இருந்தது. கறுப்பைச் சுரண்டிய இடத்தில் நகத்தளவுக்கு ஒரு வெளிறிய வட்டம் தெரிந்தது. கேட்டலிஸ்ட் கூடிப்போன ரெசின், நிறம் கொஞ்சம் வேறு. ஃபைபர்காரனுக்குத்தான் கண்ணில் படும். நான் அதன் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு, "சின்னப் புள்ளதானே பாய். மறந்திருப்பான்" என்றேன்.

நான் பேசாமல் இருந்திருந்தால்கூட அதை ஏதோ பயம், கோழைத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். பேசினேன். உனக்குப் பரிந்து பேசுவது மாதிரி பேசினேன். அன்றைக்கு நீ மண்ணெண்ணெய்யில் கை கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி கழுவிக்கொண்டிருந்தாய். உன் ஸ்பானர் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் டோல்கேட் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நாம் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் ஒரே வண்டியில் உட்கார்ந்திருந்தோம். நான் வாயைத் திறக்க முக்கால் மணி நேரம் இருந்தது. முன்னால் நின்ற லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு எழுதப் போவதுதான் எனக்கே குமட்டுகிறது. ஒரு வாரம் நீ படுத்துக் கிடந்தாய். அப்புறம் ஒரு காலையில் எழுந்து, "நானும் யார்டுக்கு வரேன் நைனா" என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம். காசிமேட்டில் பார்க்கிறவனிடமெல்லாம், "மவன் என்னாண்ட வந்துட்டான்" என்று சொல்லித் திரிந்தேன். டீக்கடையில் நாலு பேருக்கு நானே டீ சொன்னேன். உனக்குத் தெரிந்த வேலை எனக்குத் தெரியாது என்கிற தொல்லை தீர்ந்தது. இங்கே எல்லாம் நான் சொல்கிறபடிதான். உன் கை கொப்புளித்து, உன் அம்மா தினம் தேங்காய் எண்ணெய் தடவியபோது, பக்கத்தில் உட்கார்ந்து பழகிடும் பழகிடும் என்றேன். பிள்ளையின் கையை ஒடித்துவிட்டு, ஒடிந்த கை நமக்கு ஒத்தாசையாக வந்ததே என்று மகிழ்ந்த அப்பன் இந்தக் கரையில் வேறு எவனும் இருக்க மாட்டான். த்தூ.

இந்தத் த்தூ என்னுடையது இல்லை, உன் அம்மாவுடையது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் குந்திச் சொல்லிவிட்டேன். கத்தியை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். அப்புறம் திரும்பி, என் கால் பக்கத்தில் துப்பினாள். "கஸ்மாலம். கார் பொம்ம வெச்சிகினு தூங்குன புள்ளய்யா அது. அவன் தூக்கத்துல சொறிஞ்சிகினு கெடக்கறத நாலு வருசமா பாத்துகினுதானே படுத்திருந்த?"

நான் தரையில் கிடந்த செதிலைப் பொறுக்கினேன்.

"அவனாண்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"அப்போ எனாண்ட இன்னாத்துக்கு சொல்ற? ஒன் பாரத்த எறக்கறதுக்கா? எந்த எடத்துல எம்புள்ள மானம் போச்சோ அங்க போய் சொல்லு. அத்தினி பேரு காதுலயும் சொல்லு. சொல்லிட்டு வூட்டுக்கு வா, இல்லனா வராத" என்று மறுபடி மீனை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் தட்டை அவள் என் கையில் கொடுப்பதில்லை, தரையில் தள்ளுகிறாள். எங்களுக்குள் என்ன என்று நீ கேட்டாயே, இதுதான்.

நேற்று காலை பாய் ஷெட்டுக்குப் போனேன். அந்த நாலு ஃபிளேரும் பரண் மேல் தூசியில் கிடந்தன. இறக்கித் தரச் சொன்னேன். "இன்னாத்துக்கு அண்ணாத்த இந்தக் கண்றாவி?" என்றார். டிங்கர், பெயிண்டர், வண்டி விட வந்த ஒருவர் என்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரையும் பக்கத்தில் வரச் சொன்னேன். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நான் திணித்த அடைப்பு கட்டியாகக் கழன்று விழுந்தது. அடியில் உன் ஓட்டை, சுற்றிலும் பிசிறு இல்லாமல், டிரில் போட்டு அரம் வைத்துத் தேய்த்த உன் ஓட்டை. "இது எம்புள்ள போட்டது. அடைச்சவன் நான்" என்றேன். பாய் போதும் என்றார். நான் எட்டையும் தட்டினேன். ஒவ்வொன்றாக விரலை விட்டுக் காட்டினேன். ஏழாவது வரும்போது சுத்தியல் வழுக்கி என் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்திருக்கிறதே என்று நேற்று நீ மஞ்சள் எடுத்து வந்தாய். போட்டில் இடித்துக்கொண்டேன் என்றேன். அதுவும் பொய்.

பாய் கீழே விழுந்த ஓர் அடைப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "இன்னா மன்ஷன்யா நீ" என்றார். "அந்தப் புள்ள ரெண்டு வாட்டி போட்டேன் போட்டேன்னான். எனுக்கு அவன் மேல நம்பிக்க இருந்துச்சு. ஏன் நம்பல தெரியுமா? நீ பக்கத்துல குந்திகினு இருந்த. பெத்த அப்பனே மறந்திருப்பான்னு சொல்றானேன்னு நம்பல."

அவரே லாரன்ஸ் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இரும்பை மாற்றிச் சரிசெய்த பிறகு அந்தக் கார் ஃபிளேர் இல்லாமல், டயரை வெளியே துருத்திக்கொண்டு, ஓட்டவும் முடியாமல் உறை போட்டு நிற்கிறதாம். பாய் நடந்ததைச் சொன்னார். பிறகு லாரன்ஸ் சார், "அந்தப் பையன் செய்யறதா இருந்தா மறுபடி வெக்கலாம். அவங்க அப்பா மட்டும் என் வண்டி பக்கத்துல வரக் கூடாது" என்றார். ஷெட் முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குத் தொண்டையில் ஒன்றும் நிற்கவில்லை.

உன் ஸ்பானர் பெட்டியைப் பாய் யாரையும் தொட விடவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லு, நானே வந்து கூப்பிட எனக்கு மூஞ்சி இல்லை என்றார். சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் அவ்வளவு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. ரேவதி ஏதாவது ஒன்றை ஒரு விதமாகச் செய்து வைத்திருப்பாள். உனக்குத் தப்பாகத் தெரியும். அவள் இல்லாத நேரத்தில் அதைச் சரிசெய்யாதே. கேள். கேட்டால் சின்னவனாகிவிட மாட்டாய். உன் அம்மா தெருவில் நின்று கத்திச் சொன்னதை நான் அன்றைக்கே காதில் வாங்கியிருந்தால், இதை எழுத வேண்டி வந்திருக்காது. இன்னொன்றும் உண்டு, அது புத்தி இல்லை, கோரிக்கை. என்னைச் சீக்கிரம் மன்னிக்காதே. நீ நல்லவன், இதைப் படித்ததும் பரவாயில்லை நைனா என்று வந்து நிற்பாய். வராதே. பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நான் உடனே பிடித்துக்கொள்வேன், ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மறந்து உனக்கு டிரில்லர் பிடிக்கச் சொல்லித் தருவேன். நம்மை நமக்குத் தெரியாதா?

காலையில் யார்டுக்கு வந்ததும் உன் இடத்துக்கு வேறு ஆள் சொல்லி வைக்கலாம் என்று போனை எடுத்தேன். நம்பரும் அழுத்திவிட்டேன். பார் புத்தியை. நீ போகிறாயா என்று உன்னைக் கேட்காமலே உன்னை அனுப்பி வைக்கப் பார்க்கிறேன். சீ என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பாய் ஷெட்டுக்குப் போகலாம். இங்கேயே இருக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவதாக எங்கேயாவது போகலாம். உன் அம்மாவிடம் கேள், ரேவதியிடம் கேள், வேண்டுமானால் அந்த மாமனிடம்கூடக் கேள். என்னிடம் மட்டும் கேட்காதே சரவணா. கேட்டால் சொல்லிவிடுவேன்.

நைனா